ஆற்றிலிடாமல் இணைத்தல்: முதுகுன்ற வட்டாரத்துப் பிடிஎஃப் மரபு குறித்த ஓர் ஆய்வு

சிதறிக் கிடக்கும் பல பிடிஎஃப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி ஒரே கோப்பாக்கும் செயல் இதுநாள்வரை அறிஞர் எவரின் கவனத்தையும் பெறாமல் போனதற்குக் காரணம், அதைச் செய்து முடித்த எவரும் அதைப் பற்றி மறுபடி நினைக்க விரும்புவதில்லை என்பதே ஆகும். தமிழ்நாட்டில் இந்தச் செயலுக்கான முதன்மை ஆய்வுக்களமாகக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை இக்கட்டுரை தேர்ந்துகொள்கிறது. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயருடைய அவ்வூர், செராமிக் தொழிற்பேட்டையையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகத்தையும், பீங்கான் பியூஸ் கேரியர் முதல் அகல்விளக்கு, பொம்மைவரை வார்த்தெடுக்கும் சிறு கூடங்களையும் உடையது. இணைத்தல் தொடர்பான வேறு தகுதிகள் அதற்குப் பழங்காலத்திலிருந்தே உண்டு என்பது பின்னர் நிறுவப்படும்.

சூளை வைத்திருப்பவர் ஒருவர் மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொண்டால், ஆதார், பான், உத்யம் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி சான்று, தொழிற்கூடத்தின் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், திட்ட அறிக்கை ஆகிய அனைத்தும் அவரிடம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். விண்ணப்பத் தளமோ அவற்றை ஒரே பிடிஎஃப்பாக, அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மிகாமல் கேட்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் களிமண்ணைக் கொண்டுவந்து, அரைத்து, சலித்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கத் தெரிந்த ஒருவர், எட்டுக் கோப்புகளை ஒன்றாக்கத் தெரியாமல் தவிக்கும் அந்த நொடியிலேதான் இந்தச் சாத்திரம் பிறக்கிறது.

பிடிஎஃப் என்பது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் குலையாமல் தெரியும்படி ஆவணத்தை அடைத்துவைக்கும் வடிவம் ஆகும். அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் தீட்டிய திட்டத்திலிருந்து உருவாகி, 1993இல் வெளிவந்து, 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற உலகத் தரமாயிற்று. அதன் உள்ளே எழுத்துரு, படம், பக்கம் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்ட ஓர் உறுப்பாகக் கிடக்கும். எந்த உறுப்பு கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று, பழைய முறைப்படி வரிக்கு 20 பைட்டாக, கோப்பின் இறுதியில் நிற்கும். ஆகவே பிடிஎஃப்பைத் திறக்கும் மென்பொருள் முதலில் கோப்பின் இறுதிக்குப் போய், அட்டவணையைப் பார்த்து, அதன் பின்பே முன்னே வருகிறது. வாரப் பத்திரிகையை வாங்கியவுடன் பின்னட்டையிலிருந்து புரட்டும் தமிழ் வாசகருக்கு இம்முறையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு கோப்புகளை இணைப்பதென்றால், இரண்டிலும் ‘உறுப்பு 1’ இருப்பதால் இரண்டாம் கோப்பின் உறுப்புகள் அனைத்துக்கும் புது எண் கொடுத்து, பக்கங்களை ஒரே பக்க வரிசையில் சேர்த்து, அட்டவணையை முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும் என்பதே பொருள். உள்ளூர்ச் சான்று வேண்டுவோர், விருத்தகிரீசுவரர் கோயிலில் 28 ஆகமங்களும் 28 இலிங்கங்களாக, ஒவ்வொன்றும் தன் பெயர் இழக்காமல், ஒரே வளாகத்தில் வரிசையாக நிறுவப்பட்டிருப்பதைக் காணலாம். பக்க எல்லைகள் சிதையாமல் செய்யப்பட்ட இணைப்புக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இணைத்தலைச் செய்வோர் இரு பள்ளியினராகப் பிரிந்து நிற்கின்றனர். முதற்பள்ளியினர், தங்கள் கோப்புகளை இணையத்தளம் ஒன்றுக்குப் பதிவேற்றி, எங்கோ இருக்கும் வழங்கி, அதாவது பிறர் கேட்கும் வேலையைச் செய்து அனுப்பும் தொலைதூரக் கணினி, அவற்றை இணைத்துத் தர, அதைப் பதிவிறக்கிக்கொள்வர். இரண்டாம் பள்ளியினரின் உலாவியோ, இணைக்கத் தெரிந்த நிரலை மட்டும் தளத்திலிருந்து வாங்கிக்கொண்டு, கோப்புகளைத் தன் சொந்தக் கணினியின் நினைவகத்திலேயே படித்து, அங்கேயே இணைத்து, அங்கேயே சேமிக்கும். கோப்பு வாசலைத் தாண்டாது. முன்னவரை ஆற்றுவழியினர் என்றும் பின்னவரைக் கரைவழியினர் என்றும் இக்கட்டுரை அழைப்பதற்கான காரணம் பெரியபுராணத்தில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்நூலின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தின்படி, சுந்தரர் முதுகுன்றத்து இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். உலக வரலாற்றில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் வெவ்வேறு ஊர்களில் நிகழ்ந்த முதல் நிகழ்ச்சி இதுவாக இருக்கக்கூடும் என்ற கருதுகோளை மறுத்து இதுவரை எவரும் எழுதவில்லை. மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடல் சேர்வது. திருவாரூர்ப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. இட்ட பொருள் எந்த வழியாகப் போயிற்று, இடையில் எங்கே தங்கிற்று என்பதை இட்டவர் அறிய முடியாது என்ற அளவில், வழங்கியின் இயல்பு முழுமையாக இங்கே அடங்கியிருக்கிறது.

ஆனால் இக்கதையை ஆற்றுவழியினர் தமக்குச் சாதகமாக எடுத்தாளுமுன் அதன் நுட்பங்களை ஊன்றி நோக்க வேண்டும். முதலாவதாக, பொன் உடனே வரவில்லை. பதிகம் பாடிய பின்பே வந்தது. சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் இன்றைய பயனருக்குப் பாடத் தெரிந்திருந்தாலும் பலன் இருக்குமென்று சொல்வதற்கில்லை. இரண்டாவதாக, வந்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்து காட்டிற்று. மீண்டும் பாடிய பின்பே சரியாயிற்று. பதிவேற்றிய சான்றிதழ் அளவு சுருங்கி, முத்திரை மங்கி, எட்டு மூன்றாகத் தெரியும் நிலையில் திரும்பி வருவதை அனுபவித்தவர்கள் இப்பகுதியை இரட்டைக் கவனத்துடன் படிப்பர். மூன்றாவதும் முதன்மையானதும், சுந்தரர் ஆற்றில் இடுமுன் பொன்னிலிருந்து மச்சம் வெட்டி, அதாவது ஒத்துப்பார்ப்பதற்கென ஒரு சிறு துண்டை நறுக்கி, கையில் வைத்துக்கொண்டார். கணிப்பொறியாளர் ஒரு கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்க அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் ஹேஷ் என்னும் குறியீடு, செயலால் இந்த மச்சத்தின் இனமே. இறைவனிடமே கொடுத்தாலும் மாதிரி எடுத்துக்கொண்டு கொடுத்தவர், பெயர் தெரியாத தளத்தில் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் மாதிரியோ விசாரணையோ இல்லாமல் இடுபவர்களுக்கு முன்னோடி ஆகமாட்டார்.

ஆற்றில் இட்டதை வேறு எவரும் எடுக்காமல் காத்தது இறையருள். அத்தகைய காவல் இணையத்தில் இல்லை என்பதற்கு, 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பின் டென்வர் அலுவலகம் விடுத்த எச்சரிக்கை போதும். இலவசமாகக் கோப்புகளை மாற்றவும் இணைக்கவும் தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள், இணைத்தும் தந்துவிட்டு, கூடவே தீம்பொருளையும் ஏற்றிவிடுகின்றன என்றும், பதிவேற்றிய ஆவணங்களிலிருந்து அடையாள எண்களையும் வங்கி விவரங்களையும் உருவிக்கொள்கின்றன என்றும் அது கூறிற்று. எல்லாத் தளங்களும் அப்படிப்பட்டவை அல்ல. சில மணி நேரத்தில் அழித்துவிடுவதாக வாக்களிக்கும் தளங்கள் பல உள்ளன, அவற்றுள் பல வாக்கைக் காப்பாற்றவும் கூடும். ஆயினும், காப்பாற்றியதைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

கரைவழியின் சிறப்போ, அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதாகும். தளம் முழுதும் திறந்த பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, கோப்புகளைத் தேர்ந்து இணைத்துப் பார்க்க வேண்டும். வேலை நடந்தால் அது உள்ளேயே நடக்கிறது, நடக்காவிட்டால் அது கரைவழி வேடமிட்டு வந்த ஆற்றுவழியாக இருக்கக்கூடும். இச்சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு: துண்டிப்பு நீங்கியதும் ரகசியமாக அனுப்பும் நிரலையும் எழுத முடியும் என்பதால், ஐயமுடையோர் பக்கத்தை மூடிய பின்பே இணைப்பை மீட்பர். 2017க்குள் முன்னணி உலாவிகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட வெப்அசெம்பிளி என்னும் நுட்பம், கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளுக்கு நெருங்கிய வேகத்தில் நிரல்களை உலாவிக்குள்ளேயே ஓட்ட வல்லது. கனமான ஸ்கேன் கோப்புகளையும் மூச்சு வாங்காமல் இணைக்க அது உதவுகிறது.

எனினும் இந்த இடத்தில் ஆராய்ச்சி ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தே ஆகவேண்டும். ஏனெனில், தமிழ்நாட்டின் பிடிஎஃப்கள் பெரும்பாலும் உரிமையாளரின் கணினியில் இணைக்கப்படுவதில்லை. பேருந்து நிலையத்தையோ தாலுகா அலுவலகத்தையோ அடுத்த கடையின் கணினியில், கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பப்பட்டு, ‘டவுன்லோட்ஸ்’ என்னும் பொதுக்கிடங்கில் இறக்கப்பட்டே இணைக்கப்படுகின்றன. அக்கிடங்கைத் திறந்தால், நேற்று வந்தவரின் சாதிச் சான்றிதழும், போன மாதம் வந்தவரின் சம்பளச் சீட்டும், எவரோ ஒருவரின் திருமணப் பதிவும், ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்ற மூன்று கோப்புகளும் அருகருகே உறைவதைக் காணலாம். அந்தக் கணினியில் கரைவழித் தளத்தைப் பயன்படுத்துவதால் கோப்பு வெளிநாட்டு வழங்கிக்குப் போகாது என்பது உண்மையே. ஆனால் அடுத்த வாடிக்கையாளரின் கண்ணுக்குப் போகும்.

மின் ஆதாருக்குக் கடவுச்சொல் உண்டே என்று வாதிடுவோருக்கு விடை எளிது. பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அக்கடவுச்சொல். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரின் அருளால் கொளஞ்சி என்று பெயர் பெற்றவர்கள் நிறைந்த விருத்தாசலம் வட்டாரத்தில், கே, ஓ, எல், ஏ என்று தொடங்கி ஓர் ஆண்டைச் சேர்த்தால் எத்தனை கோப்புகள் திறக்கும் என்பதைக் கணக்கிடாமல் விடுவது அறம்சார்ந்த முடிவு. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று, பொது இணைய மையங்களில் மின் ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் படிகளை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அறிவுரை கூறியது. அதே அறிவுரையில் நகல் கொடுப்பதைப் பற்றியும் எச்சரித்ததால் நாடு கலங்க, இரண்டு நாளில் அது முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அழிக்கச் சொன்ன பகுதியும் அத்துடன் போனது வருந்தத்தக்கது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று கூறியதும், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியதும், டவுன்லோட்ஸ் கிடங்கின் வாழ்க்கையில் இன்னும் மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை.

இதே வட்டாரத்தில் ஆவணத்தைக் கையாளும் வேறொரு மரபும் உண்டு. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையுடையோர் தம் குறையைப் பிராதாகத் தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து, மடித்து, முனியப்பர் சந்நிதியில் உள்ள வேலில் கட்டுவர். நூற்றுக்கணக்கான பிராதுகள் ஒரே வேலில் தொங்கினாலும் ஒருவருடையதை மற்றவர் அவிழ்த்துப் படிப்பதில்லை. முனியப்பர் மேலுள்ள அச்சத்துக்கு நிகரான மறையாக்க முறையைக் கணினித்துறை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இணைத்தலின் இடர்களுள் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டியுள்ளது. டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்ட பிடிஎஃப்பில், அக்கையொப்பம் கோப்பின் எந்தெந்த பைட்டுகளுக்குச் சாட்சி என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். இணைக்கும்போது அந்த பைட்டுகள் இடம் மாறுவதால் கையொப்பம் செல்லாததாகும். செராமிக் பொம்மையின் உடலையும் கையையும் தனித்தனியே வார்த்து, ஈரம் காயுமுன் களிக்குழம்பு தடவி ஒட்டலாமே தவிர, சூளையில் சுட்டு எடுத்த பின் ஒட்ட முடியாது என்பதை அறிந்த தொழிலாளிக்கு இது விளக்கமின்றியே விளங்கும். வரிசை பற்றிய பூசல் இதனினும் சிறியதாயினும் அழிவு மிக்கது: பத்துக் கோப்புகளுக்கு 1 முதல் 10வரை பெயரிட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் மென்பொருள் 1க்கு அடுத்து 10ஐ வைத்து, அதன் பின்னரே 2ஐ வைக்கும். 01, 02 என்று பெயரிடுவோர் இத்துயரிலிருந்து தப்புவர். ஆனால் அவர்களை யாரும் பாராட்டுவதில்லை.

இவ்வாறு அந்தரங்கம் காத்து, வரிசை பிசகாமல், அளவு மீறாமல் இணைத்து அனுப்பப்பட்ட ஒற்றைப் பிடிஎஃப் உரிய அலுவலகத்தை அடைந்ததும், அங்கே அது அச்சிடப்பட்டு, பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டு, ஓட்டையிடப்பட்டு, டேக் கயிற்றில் கோக்கப்படுகிறது. அத்துடன் ஒவ்வொரு பக்கத்திலும் சுயசான்றொப்பமிட்ட இரண்டு செட் ஹார்டு காப்பியும் நேரில் கொண்டுவரும்படி விண்ணப்பதாரருக்குத் தகவல் வருகிறது. அவர் அதற்காகப் போவதும் அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான்.