ஆடினால் மறைவார்கள்

கே: பழைய சந்தைப் படங்களில் எல்லோரும் சிலைபோல இருக்கிறார்களே, அந்தக் காலத்தில் யாருக்கும் சிரிப்பே வராதா? (வாசகி, மாங்காடு)

ப: வந்திருக்கும் அம்மா, கேமராவுக்குத்தான் பொறுமை அதிகம்! 1838இல் ஒளிப்பட முன்னோடி தாகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படமெடுத்தார். பதிவாகப் பல நிமிடம் பிடித்ததால், நடமாடியவர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். காலணிக்கு மெருகு போட நின்றவர் தப்பினார். 1850களில் ஈரத்தகடு என்ற படமுறை வந்த பிறகும் சில விநாடி அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அதனால் சந்தைப் படத்தில் உட்கார்ந்து விற்பவர் தெளிவாக இருப்பார். பேரம் பேசி நகர்ந்தவர் புகையாகக் கலைந்திருப்பார். அந்தக் கலங்கலைத் தேடிப் பாருங்கள். தராசுத் தட்டு மங்கியிருந்தால் அங்கே எடை நடந்திருக்கிறது. எல்லோர் முகமும் பளிச்சென்று இருந்தால், பெரும்பாலும் படக்காரர் சொல்லி நிற்கவைத்த கூட்டம்தான்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு. 1868 முதல் எட்டுத் தொகுதிகளாக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்ற படநூலில் முகங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றின் கீழே சாதிப் பெயர்தான், ஆளின் பெயர் இல்லை. உங்கள் ஊர்க் காமாட்சியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சை விற்பவரைப் படமெடுத்தால், அவரிடமே கேட்டுப் பெயரையும் தேதியையும் பென்சிலால் பின்புறம் எழுதிவையுங்கள்.