கும்மிக்கு நேரமாச்சு

ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் போடுகிற ஸ்டூலுக்கு முதுகுச் சாய்மானம் கிடையாது. காலை எட்டரைக்கு அதில் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். நடுவில் டீக்கும் சோற்றுக்கும் விடுகிற நேரத்தில் நடப்பதுதான் நடை. ஏற்றுமதி சூடு பிடித்த எண்பதுகளில், பாவாடை தாவணியோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குள் நுழைந்தவர்கள் நாங்கள். இப்போது அறுபதை நெருங்குகிறோம், சிலர் தாண்டிவிட்டோம். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க எங்களில் பலரால் முடிவதில்லை.

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி எழுபது வயதிலும் கை ஊன்றாமல் எழுந்திருப்பார். பல்லடத்துக்குப் பக்கத்தில் காடு. விடியும் முன்னே கட்டுத்தரை கூட்டிச் சாணி அள்ளுவார். கிணற்றில் தண்ணீர் சேந்தித் தொட்டியை நிறைப்பார். பருத்தி வெடித்த நாட்களில் பொழுதெல்லாம் குனிந்த முதுகுதான். அவர் கம்பு இடிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டுவிட்டு, அவரும் சின்ன அம்மாயியும் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது இன்னொருவர் உலக்கை இறங்கும். வலக்கை சலித்தால் இடக்கைக்கு மாற்றுவார்கள். போடுகிற தாளம் மட்டும் தப்பாது. பாதம், தொடை, இடுப்பு, தோள் என்று உடம்பு முழுக்க அந்த ஒரு வேலைக்குள் இருக்கும்.

“அந்தக் காலத்துப் பொம்பளைங்க உடம்பு இரும்பு” என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அம்மாயியின் உடம்பு இரும்பு இல்லை. பேறுகாலம் முடிந்து பச்சை உடம்போடு கிணற்றடிக்குப் போனவர் அவர். எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்டவர். கர்ப்பப்பை இறங்கி அவஸ்தைப்பட்டதைப் பெற்ற மகளிடம்கூட வெகுகாலம் சொல்லவில்லை. நாள் முழுக்க உடம்பு அசைந்தது. ஆனால், அதில் ஒன்றும் அவர் ஆசைப்பட்டுச் செய்தது இல்லை.

அதனால்தான் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்று என் அம்மா அதற்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். நியாயமான சந்தோஷம் அது. ஆனால், ஆட்டுக்கல்லும் கிணறும் விட்டுக்கொடுத்த நேரம் அவர் கைக்கு வந்து சேரவில்லை. கம்பெனி எடுத்துக்கொண்டது. அம்மா செக்கிங் டேபிளில் போய் நின்றார். நான் மெஷினில் உட்கார்ந்தேன். பனியன் வேலையில் விரல் ஓடும், கண் ஓடும். கழுத்து இறுகும். தொடைக்கு மட்டும் வேலையே கிடையாது.

தொடையில்தான் முதுமையே இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கும். தசையும் மெலிந்துவிட்டால், பொடக்காணியில் கால் வழுக்கும்போது உடம்பை இழுத்து நிறுத்த ஒன்றும் இருக்காது. இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடமாட முடியாமலே போனவர்கள் எங்கள் வீதியிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது. இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி என்றும் சேர்த்துச் சொல்கிறது. நம் ஊரில் “வாக்கிங் போங்க” என்பதோடு முடித்துவிடுகிறோம்.

யார் போவது? பனியன் வேஸ்ட் குடோன்களில் பாருங்கள். கம்பெனிக்கு ஆகாத வயது என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் அங்கே கிலோ கணக்குக் கூலிக்குக் கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, பஞ்சுத் தூசிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைத் துண்டு ஒரு பக்கம் விழும், கறுப்பு இன்னொரு பக்கம். அவர்களில் ஒருவரிடம், “கொஞ்சம் எந்திரிச்சு நடந்துட்டு வாங்களேன் ஆத்தா” என்றேன். “நடந்தா கிலோ குறையும் கண்ணு” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. படியிறங்க முடியாத கிழவிக்கு அது பெரிய காரியம். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக்கொடுத்தார்கள். ஆனால், நான் பார்த்தவரை வயதான பெண்களை அதிகம் நடக்கவைத்தது 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துதான். மகனிடம் காசு கேட்க வேண்டியதில்லை என்றானதும் அவிநாசி கோயிலுக்கும், சந்தைக்கும், தங்கச்சி வீட்டுக்கும் தாங்களாகவே கிளம்பினார்கள்.

பாப்பம்மாள் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். தேக்கம்பட்டியில் நூறு வயது தாண்டியும் காட்டில் இறங்கினவர், 2021-இல் பத்மஸ்ரீ. அவரைக் காட்டி மற்ற கிழவிகளைச் சோம்பேறி என்பது அநியாயம். அது அவருடைய சொந்தக் காடு. எப்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதை முடிவு செய்ததும் அவர்தான்.

இப்போது எங்கள் பக்கமெல்லாம் வள்ளி கும்மி. ஒரு காலத்தில் ஆண்கள் ஆடிய ஆட்டம் இது. பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா. 87 வயதில், 2024-இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ராத்திரியானால் மாரியம்மன் கோயில் மைதானத்தில் லைட்டைப் போட்டுப் பயிற்சி. முன்னால் ரெண்டு அடி, பின்னால் ஒன்று, குனிந்து ஒரு கைத்தட்டு, ஒற்றைக்காலில் சுழன்று திரும்புதல். வலு, தடுமாறாத நிலை என்று வழிகாட்டுதல் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது; பாட்டு வேறு இருக்கிறது. மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம், யாரும் கூலியைப் பிடிக்கப்போவதில்லை.

அறுபத்தெட்டு வயதான என் பெரியம்மா போன மாதம் சேர்ந்தார். முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மூன்றாவது வரிசையில் ஆடுகிறார். நேற்று சாயந்திரம் நான் போனபோது பெரியப்பா திண்ணையில் இருந்தபடி, “ராத்திரிக்கு என்ன?” என்று கேட்டார்.

“மாவு இருக்குதுங்க, ஊத்திக்குங்க. எனக்குக் கும்மிக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா செருப்பை மாட்டினார்.