கட்டிலடிப் பங்க்காரர்

நாளைய பெட்ரோல் விலை இன்றிரவே தமக்குத் தெரிந்துவிட்டதைப் போன்ற முகபாவத்துடன், வீட்டிலுள்ள காலிக் குளிர்பானப் பாட்டில்களையும் பெயின்ட் வாளிகளையும் திரட்டும் குடும்பத் தலைவரைத் தமிழ்நாட்டின் பல தெருக்களில் காணலாம். 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்படும் முறை நாடு முழுவதும் வந்தபோது இவ்வகையினர் சோர்ந்துவிடவில்லை. மாதம் இருமுறை மட்டுமே வாய்த்துவந்த பதற்றம் இனி அன்றாடம் கிடைக்கும் என்று மகிழ்ந்தனர்.

பாட்டிலில் ஊற்றித் தர முடியாது என்று பங்க் ஊழியர் கைவிரிப்பது இவருக்கு ஒரு தடையே அன்று. ஸ்கூட்டரின் டேங்கை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பி, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கிவிடுவார். அப்போது ஒரு மிடறு உள்ளே போவதையும், அது நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் அழற்சி உண்டாகும் என்று மருத்துவர் அதட்டுவதையும் செய்கூலி, சேதாரம் என்ற கணக்கில் எழுதிவிடுவார்.

சட்டம் இவரிடம் கருணையோடுதான் நடந்துகொள்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 23 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும் எண்ணெய்களை 'ஏ' வகுப்பு என்று பிரித்து, அவற்றை விற்பனைக்கன்றிச் சொந்தப் பயனுக்காக 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க இடமளிக்கிறது. ஆனால் கலம் இறுக மூடப்பட்டதாகவும், உலோகமாயின் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கானாயின் ஒரு லிட்டருக்கும் மிகாத கொள்ளளவுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. நம்மவர் 'முப்பது' என்பதைக் கேட்டதும் மனம் நிறைந்து, 'ஆனால்' வருவதற்குள் எழுந்துபோய்விடுகிறார். அவருடைய குளிர்பானப் பாட்டிலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அவர் தீயை மதிக்காதவர் அல்லர். பாட்டிலருகே பீடி பற்றவைப்பவரை விரட்டிவிடுவார். எரிவது நீர்மமன்று, அதன் ஆவியே என்பதுதான் அவருக்கு எட்டாத செய்தி. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் பெட்ரோல் எரியத்தக்க அளவு ஆவியை விடுவதால், ஊட்டியின் உறைபனியும் அதை அடக்காது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே, அவர் முன்னெச்சரிக்கையாகத் திறந்துவைத்த சன்னலை நாடாமல், தரையோடு தவழ்ந்து, அடுத்த அறையின் குத்துவிளக்கையோ குளிர்பதனப் பெட்டியின் மின்பொறியையோ சென்றடையக்கூடும். கட்டிலடியிலிருந்து எழும் வாசனையைச் சரக்கின் தரத்துக்குச் சான்றாகக் காட்டும் அவர், காற்றில் போவது தம் இலாபமே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வகையினருக்கு உண்மையான சோதனை விலையிறக்கத்தில்தான் வருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது. நவம்பரில், தீபாவளிக்கு முன்தினம், ஒன்றிய அரசு கலால் வரியில் ஐந்து ரூபாயைக் குறைத்தது. அதிக விலைக்கு வாங்கிய எண்ணெயைக் குறைந்த விலை நாளில் எரிப்பது நட்டம் என்பது இவர்களுடைய பொருளியல் கொள்கையாதலால், கட்டிலடிச் சரக்கு பழைய விலை திரும்பும்வரை அசையாது. அதுவரை இவர்கள் வண்டிக்குப் பங்க்கில்தான் பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள்.