கடையில்லாக் கம்பெனியும் பெடலில்லாச் சைக்கிளும்

ஃப்ரைபுர்க், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



முத்து அக்டோபரில் மேல்படிப்புக்கு இங்கே வருவதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் விசா கைக்கு வருவதற்கு முன்னாலேயே, "அண்ணே, மலைச்சைக்கிள் வாங்கணும். கம்பெனிகிட்ட நேரா வாங்கவா, கடையில வாங்கவா?" என்று கேட்டான். நீங்கள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "கடையே இல்லாம ஒருத்தன் எப்படிடா சைக்கிள் விப்பான்?" என்று ஒரு அதட்டு அதட்டினீர்கள். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் சித்தி வந்து, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரிப்பார்கள்; பேச்சு அங்கேயே போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

விற்கிறான் சித்தப்பா, நன்றாகவே விற்கிறான். ரைன் ஆறும் மோசல் ஆறும் கூடுகிற கோப்ளென்ஸ் ஊரில் கேன்யன் என்றொரு கம்பெனி. அதை ஆரம்பித்த அர்னால்டு சகோதரர்களின் அப்பா, சைக்கிள் பந்தயம் நடக்கிற இடங்களுக்கு டிரெய்லரில் உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு போய் விற்றவர். மகன்கள் 1985-இல் தொழிலில் இறங்கினார்கள். 2002-இல் கேன்யன் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் ஏஜென்ட் வைக்காமல் இணையத்திலேயே விற்று, 2017-இல் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டார்கள். ஃபோர்க்ஹைம் ஊரில் ஒய்டி, ஃபோக்ட் ஊரில் புரொபெய்ன் என்று இதே வழியில் போகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. ட்ரெக், ஜயன்ட் போன்ற பழைய பெரிய தலைகள் இன்னமும் பெரும்பாலும் கடைக்காரர்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

முத்து கேட்கிறது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. ஆயிரம் யூரோவை ஒட்டி வரும், அதாவது ஒரு லட்சம் ரூபாய். உட்கார்ந்துகொண்டே படியுங்கள். இங்கே படிக்க வருகிறவன் விசாவுக்காக 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட வேண்டும் அல்லவா? அதிலிருந்து மாதம் 992தான் கைக்கு வரும். ஆக ஒரு மாதம் சோறும் வாடகையும் இல்லாமல் இருந்தால் ஒரு சைக்கிள். பின்னாலும் சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் இன்னும் அதிக நாள் பட்டினி கிடக்க வேண்டும்.

இவ்வளவு கொடுத்து வாங்குகிற வண்டியில் பெடல் இருக்காது. சத்தியமாக இருக்காது. ஆளாளுக்கு ஒரு வகைப் பெடல் பிடிக்குமாம். தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்டினால் மணி இருக்க வேண்டும் என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது, பல வண்டிகளில் அதுவும் கிடையாது. டயருக்குள் டியூப் இல்லாமலும் ஓட்டலாம்: வெள்ளையாக ஒரு திரவத்தை உள்ளே ஊற்றிவிடுகிறார்கள், முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. உங்கள் சைக்கிள் கடைத் தண்ணீர்த் தொட்டிக்கும் பஞ்சர் சொல்யூஷனுக்கும் இங்கே பிழைப்பு இல்லை.

இனி விலைக் கதைக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் வண்டியையும் கடைக்காரர் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கியர் ஷிமானோ அல்லது ஸ்ராம். ஃபோர்க் ராக்‌ஷாக்ஸ் அல்லது ஃபாக்ஸ். ஃபிரேம் பெரும்பாலும் தைவானிலோ சீனாவிலோ செய்தது. ஃபிரேமில் எழுதியிருக்கிற பெயர்தான் வேறு. ஆனாலும் நேரடி வண்டி பல நூறு யூரோ மலிவாக வரும், இல்லையென்றால் அதே விலைக்கு ஒரு படி உசந்த சாமான் போட்டு வரும். நடுவில் கடைக்காரர் லாபம் இல்லை, அதனால்தான் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. அந்தப் பணம் கடைக்காரர் செய்கிற வேலைக்குக் கூலி. நேரடியாக வாங்கினால் கூலி மிச்சம், வேலையும் நம் தலையில்.

வேலை அளவெடுப்பதிலேயே தொடங்குகிறது. இணையத்தில் நம் உயரத்தையும் கால் உட்புற நீளத்தையும் கேட்பான். அதற்குச் செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் இடுக்கிக்கொண்டு, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். என் நண்பன் ஒருவன் இப்படி நின்றபோது நான்தான் டேப் பிடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் இப்போதெல்லாம் எங்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. கடையில் இந்தக் கூத்து இல்லை. எம் சைஸில் ஏற்றி ஒரு சுற்று, எல் சைஸில் ஏற்றி ஒரு சுற்று. முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

நண்பனுக்குப் பெட்டி வந்தது. வாசற்கதவில் நேராக நுழையாமல் நிமிர்த்தித்தான் உள்ளே தள்ளினோம். ஹாண்டில்பாரை மாட்டி, முன்சக்கரத்தைப் போட்டு, ஸ்டெம் போல்ட்டுகளை 5 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்க வேண்டும். அதற்கென்று முறுக்களவு காட்டும் டார்க் ஸ்பேனர் இருக்கிறது. கார்பன் ஹாண்டிலை நம் ஊர்க் கைப்பலத்தில் முடுக்கினால் 'கிரிக்' என்று ஒரு சத்தம், முந்நூறு யூரோ போய்விடும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் பெடலில் கோட்டை விட்டான். இடது பெடலுக்கு இடது மரை என்பது உங்கள் கடையில் காற்றடிக்க வருகிற பொடியனுக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்குத் தெரியவில்லை. நுழையவில்லையே என்று நீளக் குழாய் ஒன்றைச் சொருகித் திருகினான். கிராங்கில் மரை முழுக்கச் சிதைந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினான். படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். இன்னொரு கோணத்தில் படம் கேட்டார்கள். கடைசியில், இது உங்கள் தவறு, புதுக் கிராங்கு வாங்கிக்கொள்ளவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பக்கத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், "எங்களிடம் வாங்காத வண்டியை இந்த சீசனில் தொடுவதில்லை" என்றார்கள். மார்ச், ஏப்ரலில் இங்கே சைக்கிள் ரிப்பேருக்கும் பல் டாக்டரைப் பார்ப்பது போல முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும்.

நான் கடையில் வாங்கினேன். பெடல் அங்கேயும் தனிக் காசுதான். அதில் இரு கட்சியும் ஒற்றுமை. ஆனால் மெக்கானிக் என்னைச் சைக்கிளில் ஏற்றிவைத்து, பின் ஷாக்கில் ஒரு ரப்பர் வளையத்தை நகர்த்தி, நான் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார். மொத்த அசைவில் கால்பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரைக்கும் அமுங்க வேண்டுமாம். காற்று வைக்க என் எடையைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மருமகள் சொல்லிவிட்டாள், அதுவும் உள்ளதைவிட ஒரு கிலோ கூட்டி. கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு கூப்பிட்டுக் கேபிள், போல்ட், பிரேக் எல்லாம் பார்த்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காசு இல்லை. இந்த மலையில் மழைக்காலத்துக்கு எந்த டயர் என்பதையும் அவர்களே சொன்னார்கள். எந்தப் பாதையில் போகக்கூடாது என்பதையும்தான்: எங்கள் மாநிலத்தில், தனியாக அனுமதி தந்த பாதைகள் தவிர, காட்டுக்குள் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. மலைச்சைக்கிளை விற்றுவிட்டு மலைப்பாதையை மூடிவைத்திருக்கிற ஊர் இது.

கம்பெனிக்காரனுக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், சட்டம் அப்படி. கடையில் அந்த உரிமை இல்லை. கடைக்காரர் மனது வைத்தால் உண்டு. ஆனால் இணையத்தில் வாங்கியதைச் சேறாக்கிவிட்டு அனுப்பினால் தேய்மானம் பிடிப்பார்கள். வண்டி வந்த பெட்டியையும் அந்த 14 நாளும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குடிவைக்க வேண்டும். உதிரிபாகக் கவலையும் இப்போது குறைவு. முன்பெல்லாம் பின்கியர் தள்ளியை மாட்டுகிற காது வண்டிக்கு வண்டி வேறு வடிவம்; உடைந்தால் அந்தக் கம்பெனியிடம்தான் கையேந்த வேண்டும். 2019-இல் ஸ்ராம் எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரு காதைக் கொண்டுவந்தது. அந்த ஏற்பாடு உள்ள வண்டி என்றால் எந்தக் கடையிலும் காது கிடைக்கும்.

வாரண்டி விஷயம் கொஞ்சம் கவனம். இரண்டு வருஷத்துக்கு, விற்கும்போதே இருந்த குறைக்கு, விற்றவர் பொறுப்பு என்பது சட்டம். கடையில் வாங்கினால் கடைக்காரர் சட்டையைப் பிடிக்கலாம், பின்னால் கம்பெனியும் நிற்கும். நேரடியில் இரண்டும் ஒருவனே; அவன் நொடித்துப்போனால் கேட்க ஆள் இல்லை. அப்படியும் நடக்கிறது. கொரோனா சமயத்தில் ஊர் உலகமெல்லாம் சைக்கிள் கேட்டது, சரக்கு இல்லை. எல்லோரும் அள்ளி ஆர்டர் போட்டார்கள். சரக்கு வந்து சேர்ந்தபோது வாங்க ஆள் இல்லை. கடைகளும் அடி வாங்கின, கம்பெனிகளும் வாங்கின. 2025 கோடையில் ஒய்டி திவால் மனுவே கொடுத்தது.

இத்தனையும் எழுதிவிட்டு, முத்துவுக்கு நான் சொல்வது நேரடியாகவே வாங்கட்டும் என்றுதான். அவன் மூன்றாம் வகுப்பிலேயே பால்ரஸ் எண்ணி கிரீஸ் வைத்தவன். சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டைவிரலை ரிம்மில் வைத்தே கோட்டம் பார்ப்பான். அந்தக் கூலியை அவன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கைவேலை தெரியாத என் மாதிரி ஆட்களுக்குக் கடைதான் சரி.

ஒரே ஒரு விண்ணப்பம். அவனிடம் கொடுத்தனுப்புகிற பணத்தில் டார்க் ஸ்பேனருக்கும் ஷாக் பம்புக்கும் நூறு யூரோ தனியாக வையுங்கள். சைக்கிள் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். குளிர்காலத்தில் வண்டி மலிவாகும், அதனால் வந்த வாரமே வாங்க வேண்டாம் என்றும் அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமார்