எட்டு மெய்ப்பாடும் ஒரு சங்கிலியும்

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் பேச்சுக் கலைக்கோ நாடகக் கலைக்கோ தனி வகுப்பு கிடையாது, பட்டம் கிடையாது, பட்டம் பெற்றால் உத்தியோகமும் கிடையாது. ஆயினும் முத்தமிழில் மூன்றாவதை அறவே கைவிடுவது அடாது என்று கருதிய தமிழ்ப் பண்டிதர் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை விஸ்தாரமாக நடத்தியும், ஆங்கிலப் பேராசிரியர் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி நிகழ்த்தும் பிரசங்கத்தை ஒவ்வொருவரையும் மேடையேற்றி ஒப்பிக்கச் செய்தும், அந்தக் குறையை இரு திசைகளிலிருந்தும் நிவர்த்திக்க முயன்றார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதே ஆங்கிலப் பேராசிரியரின் ஏக உபதேசம். அதன் பயனாக வலக்கையை உயர்த்தினாலன்றி எங்களில் எவருக்கும் வாய் திறவாது என்னும் நிலை ஏற்பட்டு, விடுதியில் இன்னும் சிறிது மோர் வேண்டும் என்று கேட்பதுகூட ரோமாபுரி மகாஜனங்களை நோக்கிக் கேட்பதாகவே இருந்தது.

கற்றதைப் பிரயோகித்துப் பார்க்க ஒரு நாடகம் போடுவதென்று தீர்மானமாயிற்று. பண்டிதர், சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைச் சிபாரிசு செய்தார். அது படிப்பதற்கென்றே எழுதப்பட்ட செய்யுள் நாடகம் என்பதைப் படித்த மாத்திரத்திலேயே கண்டுகொண்ட நாங்கள் பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகராவைப் பிடித்துக்கொண்டோம். மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891-ஆம் ஆண்டில்தான் முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கௌரவம் குலையாமல் அரிதாரம் பூசிக்கொள்ள வழிசெய்தார். நாடகம் என்றாலே கூத்தாடிகளின் தொழில் என்று முகம் சுளித்த எங்கள் பிரின்ஸிபாலிடம், இதை எழுதியவர் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர் என்று விண்ணப்பித்துக்கொண்டபோது, அவர் நாடகத்துக்கன்று, நீதிபதிக்கு அனுமதி வழங்கினார்.

ஒத்திகை தொடங்கிய பிறகுதான் தொல்காப்பியர் எத்தகைய தீர்க்கதரிசி என்பது விளங்கிற்று. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களங்கள், ஆக 32 என்று அவர் வகுத்து வைத்திருப்பவற்றில் ஒன்றையேனும் எங்கள் நடிகர்கள் முகத்தில் வரவழைக்க முடியவில்லை. ஆனால் மேடையைச் சுற்றி அத்தனையும் குறைவறப் பிறந்தன. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால் அச்சம் தோன்றுமென்கிறார். பிரின்ஸிபாலின் பூட்ஸ் ஒலி தாழ்வாரத்தில் கேட்டவுடன் மந்திரி முதல் சேவகன் ஈறாக நாங்கள் திரைக்குப் பின்னே மறைந்த வேகம், நான்காவதற்குத் தக்க உதாரணம். அழுகைக்கு அவர் கூறும் காரணங்களில் இழவும் வறுமையும் உண்டு. பத்மாவதி மகாராணியாக வேஷம் தரிக்க ஒப்புக்கொண்ட மாணவன், அரும்பாடுபட்டு வளர்த்த மீசையை நாவிதரிடம் பறிகொடுத்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தது முன்னது. டோப்பாவுக்கும் ஜிகினா உடைக்கும் வாடகை கேட்டு நாடகக் கம்பெனியின் ஆள் வந்து நின்றபோது பொருளாளர் காட்டிய முகம் பின்னது. அந்த முகத்தை அப்படியே மேடையேற்றியிருந்தால் ஊரே அழுதிருக்கும். அவரோ நடிக்க மறுத்துவிட்டார். வெகுளியைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. கதாநாயகன் வேஷம் யாருக்கு என்று நிர்ணயித்த மாலையில் அது நான்கு நிலைக்களங்களையும் கடந்து சென்றது.

நான் ஏற்றது சேவகன் பாத்திரம். வசனம் இல்லை, மனோகரனைப் பிணித்த சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே கடமை. தாயின் ஆணை பிறந்ததும் வீரன் அதை அறுத்தெறிய வேண்டும். அதுதான் அந்நாடகத்தின் உயிர்நிலை. சங்கிலி மெய்யான இரும்பே. ஆனால் நடுவே ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, அவ்விடத்தை வாழை நாரால் முடிந்திருந்தார்கள். நாடகத்தன்று, மகாராஜா தண்டனையை இன்னும் சொல்லி முடிக்காமலும், மகாராணி சபைக்கு எழுந்தருளாமலும் இருக்கையிலேயே, யாருடைய ஆணைக்கும் காத்திராமல் நார் அறுந்து, சங்கிலி கலகலவென்று பலகையில் விழுந்தது. அன்று மாலை கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்ட ஒலி அது ஒன்றுதான்.

வேறொருவனாயிருந்தால் திகைத்திருப்பான், எங்கள் மனோகரனோ மிகவும் ஒழுக்கமுள்ள மாணவன். குனிந்து இரு துண்டுகளையும் பொறுக்கித் தன் மேல் உத்தரீயம்போல் அணிந்துகொண்டு, நழுவாதபடி முழங்கையால் இடுக்கியவாறு, தண்டனையின் எஞ்சிய பகுதியைத் தலைகுனிந்து கேட்டான். பிராம்ப்டர் பக்கத் திரையிலிருந்து, "அறுக்காதே, அறுக்காதே!" என்று சபையோர் அனைவருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார். பிறகு பத்மாவதி வந்து ஆணையிட்டதும் அவன் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் அவன்மேல் மதிப்பே உண்டாகிறது: வீராவேசத்துடன் உறுமிக்கொண்டே, வாடகைச் சாமான் சேதமாகிவிடுமோ என்ற கவலையுடன், சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

சபை நகைத்து ஓயக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். மறுநாள் வகுப்பில் ஒருவன் எழுந்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கனுள் எதனை நிலைக்களமாகக் கொண்டு அந்த நகை பிறந்தது என்று வினயமாகக் கேட்டான். பண்டிதர் நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, இளம்பூரணர் உரையில் இதற்கு இடமில்லை, பேராசிரியர் உரையைப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்றார். அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும்வரை, கேட்டபோதெல்லாம் அதே விடையைத்தான் சொல்லிவந்தார்.