குல்மார்க் போற பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, சனி ஞாயிறுல குல்மார்க் போயி பனிச்சறுக்கு ஆடப் போறியாமே? உங்கம்மா நம்ம குரோம்பேட்டை அஸ்தினாபுரத்துல, ராஜேந்திர பிரசாத் ரோடு பூரா சொல்லிட்டா. போ, தாராளமாப் போ. அஸ்தினாபுரத்துலருந்து இமயமலைக்குக் கிளம்புற முத ஆளு நீ இல்ல. தர்மரு, தம்பிமாரு, திரௌபதி எல்லாரும் கிளம்பினாங்க. வழியில ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. பீமனே விழுந்தான். கடைசி வரைக்கும் நடந்தது தர்மரும் ஒரு நாயும்தான். நாய்க்கு நாலு காலு, அதையும் கணக்குல வெச்சுக்க.

மார்கழியில இருபது டிகிரிக்கே மங்கி குல்லா மாட்டுற வம்சம் நம்மளது. அங்க டிசம்பர் 21-லருந்து நாப்பது நாளுக்கு ‘சில்லை கலான்’னு பேரு. குல்மார்க்ல மைனஸ் பத்து வரைக்கும் எறங்கும். ஊர்க்காரங்க ஃபெரன் அங்கிக்குள்ள காங்கிரின்னு ஒரு தணல் சட்டியை வெச்சுக்கிட்டு நடப்பாங்க. நீயும் ஒண்ணு வாங்கி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்காத, அது நைலான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். உன்னைக் கவுக்கப் போறது குளிரு இல்லடா, வேர்வை. கால்ல கல்லு மாதிரி பூட்ஸ், தோள்ல ரெண்டு கட்டை, மேட்டுல ஏறணும். சித்திரை மாசத்துல குரோம்பேட்டையில நிக்கற மாதிரி ஊத்தும். வேர்வையில நம்மளை மிஞ்ச எந்தக் காஷ்மீர்க்காரனும் கெடையாது. உள்ள நீ போட்டிருக்கறதோ பருத்தி பனியன். அது ஈரத்தைக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கும். ஏறி முடிச்சு ‘அப்பாடா’ன்னு நின்னியா, அந்த ஈரம் உன் சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். பருத்தியை ஊர்லயே விட்டுட்டு கம்பளி பனியன் போட்டுக்க. பட்டாளத்துல எங்க ஹவில்தார் நடக்கறப்ப பித்தானைத் திறக்கச் சொல்வாரு, நின்னா மூடச் சொல்வாரு. எனக்கு அப்ப அது கிறுக்காத் தெரிஞ்சுது.

சிப்பாய்ங்களுக்குச் சறுக்கக் கத்துக்குடுக்க, 1948 கடைசியில ஜெனரல் திம்மய்யாவோட டிவிஷன்தான் குல்மார்க்ல பள்ளிக்கூடம் தொறந்துச்சு. அங்க வாரக்கணக்குல பழக்குறாங்க. நீ ரெண்டே நாள்ல முடிச்சிட்டு வரப்போற, கெட்டிக்காரன்.

ரம் ஊத்தினா சூடேறும்னு கூட வர்றவன் சொல்வான். சூடு தோலுக்குத்தான் ஏறும், அங்கருந்து காத்துல போயிடும், உள்ள நீ காலி. விரலு வெளுத்து மரத்துப்போச்சுன்னா தேய்க்காத, அடுப்புல காட்டாத, வெதுவெதுப்பான தண்ணியில வெச்சுட்டு டாக்டரைத் தேடு.

சறுக்கறப்ப ரெண்டு கட்டையோட நுனியையும் கிட்டக் கொண்டாந்து, குதிகாலை வெளிய தள்ளு. அதுதான் பிரேக்கு. பயந்து பின்னால சாஞ்சியோ, வேகம் கூடும். விழுந்தே ஆகணும்னா பக்கவாட்டுல விழு. உள்ளூர்ப் பொடுசு ஒண்ணு உன்னை முந்திக்கிட்டுப் போகும், வெக்கப்படாத.

கோண்டோலான்னு சொல்ற கேபிள் காருல மொத எடம் கோங்டூரி. அதுக்கும் மேல அஃபர்வாட், ஏறக்குறைய பதிமூணாயிரம் அடி. அங்க ஏறி வேடிக்கை பாரு, போட்டோ எடு, வந்த பெட்டியிலயே எறங்கு. 2024 பிப்ரவரியில அந்த மலையில பனி சரிஞ்சு, சறுக்கப் போன ரஷ்யாக்காரரு ஒருத்தரு செத்துப்போனாரு. இதுல மட்டும் நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

பனியே இல்லாமலும் போகலாம். அதே வருசம் ஜனவரியில பாதி மாசத்துக்கு மேல தரை காஞ்சு பழுப்பாக் கெடந்துச்சு. அப்ப குதிரை மேல ஏறிக்க. அதுக்காச்சும் பிரேக்கு நம்ம கையில இருக்கும்.

செவ்வாய்க்கெழம வரைக்கும் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. ரெண்டு நாள் முட்டியை மடக்கி நின்ன தொடை, குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டைப் பாத்தாலே அழும். காரணம் காய்ச்சல்னே போடு. போட்டோவை மட்டும் உன் மேனேஜரு கண்ணுல படாத எடமாப் பாத்துப் போடு.