இதை யார் சார் வயரிங் பண்ணது?

டியூப்லைட் காலத்தில் சமையலறை இருண்டால் சந்தேகப்பட மூன்றே பேர்தான்: ஸ்டார்ட்டர், சோக், டியூப். ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரை லேசாகத் திருகத் தெரிந்தவனை வீட்டில் விஞ்ஞானியாக மதித்தார்கள். மாடுலர் கிச்சன் வந்தது, அந்த மரியாதை போயிற்று. இப்போது விளக்கு, மேல் அலமாரியின் அடியில் பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டியதற்குக் காரணம் நியாயமானதுதான். கூரை விளக்கு முதுகுக்குப் பின்னால் எரியும். நறுக்குகிறவரின் நிழல் குறி பார்த்து வெங்காயத்தின் மேலேயே விழும். அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை இருந்தால் வெங்காயமும் தெரியும், விரலும் தப்பும். இந்த வெள்ளை வெளிச்சத்துக்கு மூலமான நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பட்டை ஏன் கண்ணடிக்கிறது என்று பார்க்க அந்த மூவரில் ஒருவரும் வரப்போவதில்லை.

முதலில் கண்ணடித்தது. பிறகு அடுப்புப் பக்கம் முழுக்க மங்கியது. குடும்பம் கூடியது.

“குக்கர் ஆவி போய் ஒக்காந்திருக்கும்டா” என்றாள் அம்மா.

“தள்ளுபடியில வாங்கினா இப்படித்தாங்க” என்றாள் மனைவி. தள்ளுபடியை எனக்குக் காட்டியவளே அவள்தான் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்தினால் இரவு உணவு பாதிக்கப்படும்.

கிச்சன் போட்டுக் கொடுத்தவருக்கு போன் செய்தேன். “சார், அது எலக்ட்ரீஷியன் வேலை.” எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். “கிச்சன்காரங்க வயர் மேலயே ஸ்க்ரூ இறக்கியிருப்பாங்க சார்.” 12 வோல்ட் மின்சாரம் தூரம் போகப் போக வலுவிழக்கும். பழி அப்படியில்லை. ஊர் சுற்றி வந்தாலும் ஒரு வோல்ட்கூடக் குறையாது.

ஒருவழியாக எலக்ட்ரீஷியன் வந்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார். அவர்கள் தொழிலின் முதல் மந்திரத்தைச் சொன்னார்: “இதை யார் சார் வயரிங் பண்ணது?”

“நீங்கதான் தம்பி.”

ஒரு நொடிதான் தயங்கினார். “அப்போ வயர் சரியில்ல சார்.”

எம்.சி.பி.யை இறக்கிவிட்டு டிரைவரைத் தேடினோம். 230 வோல்ட் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் அந்தச் சின்னப் பெட்டியை எல்லா வீட்டிலும் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால்தான் வைப்பார்கள்போல. அதை எட்டுவதற்குள் ஒரு மாத மளிகையும் தரைக்கு இறங்கியது. எப்போதோ காணாமல் போன பெருங்காய டப்பாவும் கிடைத்தது.

வேலைக்கு நடுவே தம்பி பாடம் எடுத்தார். பட்டை மொத்தமும் தாளம் தப்பாமல் எரிந்து எரிந்து அணைந்தால், டிரைவருக்குச் சுமை அதிகமாக இருக்கலாம். மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் பட்டையை 5 மீட்டர் ஒட்டினால் 72 வாட். அதற்கு 60 வாட் டிரைவர் மூச்சுவாங்கும். வரிசையாக மூன்று புள்ளி மட்டும் அணைந்தால் அந்தத் துண்டில்தான் கோளாறு, ஏனென்றால் 12 வோல்ட் பட்டையில் மும்மூன்றாகத்தான் கோத்திருப்பார்கள். அணைத்த பிறகும் பேய் மாதிரி மினுங்கினால், சுவிட்சைப் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் அணைத்த விளக்கிலும் கரண்ட் காத்திருக்கும். பேயைவிட அது ஆபத்து.

மறுபடி கரண்ட் கொடுத்து மல்ட்டிமீட்டரை வைத்தார். டிரைவர் வாயில் 12. பட்டையின் தொடக்கத்தில் 12. மூலையில் பட்டை திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். அதைத் தாண்டினால் 9 சொச்சம்.

குற்றவாளி அந்தக் கிளிப். 72 வாட்டுக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 0.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். அத்தனை ஆம்பியர் போகிற வழியில் அரை ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காலி. தாளிப்புப் புகையும் எண்ணெயும் ஏறி, பிடி தளர்ந்த கிளிப்புக்கு அரை ஓம் ஒரு பெரிய விஷயமா?

“பாருங்க, ஆவின்னு அப்பவே சொன்னேன்” என்றாள் அம்மா. “மட்டமான கிளிப்” என்றாள் மனைவி. “நான் போட்ட வயர்ல ஒண்ணுமில்ல சார்” என்றார் தம்பி. ஒரே கிளிப், மூவருக்கும் வெற்றி.

கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயரைச் சால்டர் வைத்தார். பட்டை மூலைக்கு மூலை பளீரென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸ் முழுவதும் தெரிந்தது. அதன் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கும் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது.

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். “இதைக் கடைசியா யாருடா தொடச்சது?”

நான் விளக்கை அணைத்தேன்.